கோளாறு கம்பியில், செலவு ரவுட்டரில்

எமது வியாபாரிகள் கணனிக் கோளாறு பற்றி முறைப்பாடு செய்யும்போது பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் பாவிக்கிறார்கள்: "இன்டர்நெட் போய்விட்டது." பில் அடிக்கும் கணனி களஞ்சியத்தின் இருப்பைக் காட்டாவிட்டாலும் இன்டர்நெட் போய்விட்டது. பிரின்டர் அசையாவிட்டாலும் இன்டர்நெட் போய்விட்டது. பாதுகாப்புக் கமராவின் படம் விழாவிட்டாலும் இன்டர்நெட் போய்விட்டது. வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வைத்தியர் என்ன மருந்து எழுதுவார்? கண்டதையும் எழுதுவார். கணனி விடயத்திலும் அதுவே நடக்கிறது. ரவுட்டர் மாற்றப்படுகிறது, கணனிக்குப் புதிய விண்டோஸ் போடப்படுகிறது, இணையப் பொதி உயர்த்தப்படுகிறது. கோளாறு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

கடைகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் கம்பிவழி வலையமைப்புப் பொருத்திக் கொடுப்பது எனது தொழில். கோளாறு ஏற்பட்டதும் என்னைப் போன்றவர்களை அழைத்தால் எனக்கு வருமானமே தவிர நஷ்டம் இல்லை. ஆயினும் இப்பத்தியில் நான் வலியுறுத்த விரும்புவது அதற்கு எதிரான கருத்து. சாதாரண வலையமைப்புக் கோளாறு ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறியும் வேலையைக் கடைக்காரரே முதலில் செய்ய வேண்டும். அதற்குப் பட்டமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஓர் ஒழுங்கு தேவை. தராசு சரியாக நிறுக்கிறதா என்று தானே பார்க்கத் தெரிந்த வியாபாரிக்கு, தனது கணனிக் கம்பியைப் பார்க்கத் தெரியாமலிருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

உரும்பிராயில் ஒரு கடை

யாழ் நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் திருநெல்வேலி, கோண்டாவில் கழிய உரும்பிராய் வரும். செம்மண் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். தோட்டக்காரருக்கு வேண்டிய உரம், விதை, நீர்ப்பம்பி, குழாய் முதலியவற்றை விற்கும் கடை ஒன்றிற்கு வியாபார நிமித்தம் நான் போய்வருவதுண்டு. முன்னால் கடை, பின்னால் வளவு, வளவைக் கடந்தால் களஞ்சியம். கடையில் ரவுட்டரும் பில் கணனியும். களஞ்சியத்தில் இருப்பைப் பதியும் இன்னொரு கணனி. இரண்டையும் இணைத்து ஏறத்தாழ அறுபது மீற்றர் கேபிள், களஞ்சியத்தின் தகரக் கூரை ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது.

களஞ்சியக் கணனி காலையில் வேலை செய்யும். பதினொரு மணிக்குப் பிறகு இணைப்பு விட்டுவிட்டு வரும். பின்னேரம் மறுபடி சரியாகிவிடும். "தம்பி, காலமை ஓடுது, மத்தியானம் நிக்குது. இன்டர்நெட்காரர் மத்தியானத்திலை குறைக்கிறாங்கள் போலை" என்றார் கடை உரிமையாளர். அவர் அதற்குள் புதிய ரவுட்டர் வாங்கியிருந்தார். களஞ்சியக் கணனியின் நெட்வேர்க் கார்டும் மாற்றப்பட்டிருந்தது. கூடிய வேகமுள்ள பொதிக்கு மாறுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு நாளைக்கு இந்தக் கணனியைத் தூக்கிக்கொண்டுபோய் முன் கடையில் வையுங்கள். புதிதாகக் கடையில் விற்கும் சின்ன கேபிளால் ரவுட்டரில் செருகிப் பாருங்கள்" என்றேன். மறுநாள் முழுவதும் கணனி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியானால் கணனியும் நல்லது, ரவுட்டரும் நல்லது, சேவை வழங்குநரின் இணைப்பும் நல்லது. எஞ்சியிருப்பது இடையிலுள்ள கேபிள் ஒன்றே. ஏணி வைத்துத் தகரத்தடியில் பார்த்தபோது, எப்போதோ அறுந்த கேபிளை யாரோ கையால் முறுக்கி டேப் சுற்றியிருப்பது தெரிந்தது. வெயில் ஏறித் தகரம் சுடும்போது அந்த ஒட்டு இளகியது. வெயில் தணிந்ததும் மறுபடி தொட்டது. ஒட்டு இல்லாத புதிய கேபிளைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனதும் முறைப்பாடு நின்றது. அதற்கான செலவு, தேவையின்றி வாங்கிய ரவுட்டரின் விலையை எட்டவில்லை.

இதில் எனது திறமை எதுவும் இல்லை. ஒரு கணனியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு மாற்றி வைத்ததே முழுப் பரிசோதனையும். அந்தக் கடையில் வேலை செய்யும் எந்தப் பையனும் அதைச் செய்திருக்கலாம். செய்யாமைக்குக் காரணம், கோளாறு தமக்கு எட்டாத தூரத்தில், கொழும்பிலோ வானத்திலோ இருக்கிறது என்ற எண்ணம்தான்.

நங்கூரம் அறுத்த கேபிள்

இணையம் என்றதும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்திற்கு அருகே இந்தியக் கப்பல் ஒன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது, நாட்டின் இணையத் தொடர்பு பெருமளவில் அறுந்துபோனது பலருக்கு ஞாபகமிருக்கலாம். ஒரு நாட்டின் இணையமே கடைசியில் ஒரு கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய வலையமைப்பிற்குப் பொருந்துவது எமது கடைக்கும் பொருந்தும். கையால் தொடக்கூடிய பொருளை முதலில் பாருங்கள். திரைக்குள் இருப்பதைப் பிறகு பார்க்கலாம்.

கடைகளில் நாம் பாவிக்கும் கம்பிவழி வலையமைப்பின் பெயர் ஈதர்நெட். 1973 இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபேர்ட் மெட்கால்பும் அவரது சகாக்களும் உருவாக்கிய முறை இது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவது அழகுக்காக அல்ல. பக்கத்துச் சோடியிலிருந்தும் அருகே ஓடும் மின் வயரிலிருந்தும் வரும் இரைச்சலைத் தள்ளுவதற்காக. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881 இலேயே இந்த முறுக்குச் சோடிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நூற்றாண்டு கடந்த அந்த உத்திதான் இன்றும் எமது பில் கணனியை இயக்குகிறது. முறுக்கைக் குலைத்துக் கையால் ஒட்டுப் போடும்போது நாம் குலைப்பது இதைத்தான்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

முதற் கேள்வி: ஒருவருக்கா, எல்லோருக்குமா? ஒரு கணனி மட்டும் வேலை செய்யாமல் மற்றவை வேலை செய்தால், கோளாறு அந்தக் கணனியில் அல்லது அதற்குப் போகும் கேபிளில் இருக்கிறது. சேவை வழங்குநருக்கு அழைப்பெடுத்து அரை மணித்தியாலம் காத்திருப்பது வீண். எல்லாக் கணனிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் ரவுட்டரை, சுவிட்ச்சை அல்லது வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வி தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இரண்டாவது: வெளிச்சம். கேபிள் செருகும் துளையின் அருகே சிறிய விளக்கு இருக்கும். கணனியின் பின்புறத்திலும் இருக்கும், சுவிட்ச்சிலும் இருக்கும். இரு பக்கமும் எரிந்தால் கம்பி ஓரளவுக்காவது தொடுகிறது. எரியாவிட்டால் மின்சாரம் இருக்கிறதா, பிளக் 'கிளிக்' என்ற சத்தத்துடன் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கின் சிறிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால், மேசையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் அது கழன்று வரும். கூட்டிப் பெருக்கும்போது இணைப்புப் போகிறது என்ற முறைப்பாட்டிற்குக் காரணம் அநேகமாக இந்த நாக்குத்தான். பைபர் இணைப்பு உள்ள கடைகளில், வெளியிலிருந்து வரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது சேவை வழங்குநரின் வேலை. அப்போது அவர்களுக்கு அழைப்பெடுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம்.

மூன்றாவது: மாற்றிப் பார்த்தல். வேலை செய்யும் கணனியின் கேபிளை வேலை செய்யாத கணனிக்கு மாட்டுங்கள். சுவிட்ச்சில் வேறு துளையில் செருகுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் துளையையும் கணனியையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர் எதனால் சரியானது என்பதை அறியமாட்டார். அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

நான்காவது: முகவரி. விளக்கு எரிந்தும் வேலை நடக்காவிட்டால்தான் திரைக்குப் போக வேண்டும். விண்டோஸ் கணனியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்ற ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால் கணனியின் முகவரி தெரியும். கடைகளில் இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்ட கணனிக்கு ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது ரவுட்டரை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அதன் பிறகும் அதே இலக்கம் வந்தால் கேபிளுக்குத் திரும்புங்கள். விளக்கு எரிவதால் மட்டும் எட்டுக் கம்பிகளும் நல்லவை என்று சொல்ல முடியாது.

ஐந்தாவது: தட்டிக் கேட்டல். அதே கட்டளைத் திரையில் பி-ஐ-என்-ஜி என்று எழுதி இடைவெளி விட்டு ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த இடத்தைத் தட்டிப் பதில் வருகிறதா என்று கணனி சொல்லும். முதலில் ரவுட்டரின் முகவரி. பதில் இல்லையென்றால் கோளாறு கடைக்குள்ளேயே இருக்கிறது. பதில் வந்தால் அடுத்து 8.8.8.8 என்ற கூகிளின் முகவரி. ரவுட்டர் பதில் சொல்லி இது பதில் சொல்லாவிட்டால் கோளாறு வாசலுக்கு வெளியே. இரண்டும் பதில் சொல்லியும் இணையத்தளங்கள் திறக்காவிட்டால், பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் பிழை. வீதி சரி, முகவரிப் புத்தகம் தொலைந்துவிட்டது என்பதற்கு ஒப்பானது இது.

இந்த ஐந்தையும் செய்ய கால் மணித்தியாலம் போதும். அதன்பின் நீங்கள் தொழில்நுட்பவியலாளரை அழைத்தாலும் உங்கள் வார்த்தை மாறியிருக்கும். "இன்டர்நெட் போய்விட்டது" என்று சொல்லமாட்டீர்கள். "களஞ்சியக் கணனிக்கு 169.254 வருகிறது, கேபிள் மாற்றிப் பார்த்தேன், மற்ற இரண்டும் வேலை செய்கின்றன" என்பீர்கள். இப்படிப் பேசுபவரிடம் தேவையற்ற பொருளை விற்பது எவருக்கும் இலகுவல்ல.

நாமே உண்டாக்கும் கோளாறுகள்

சில கோளாறுகளைக் கம்பி உண்டாக்குவதில்லை, கடையில் உள்ளவர்களின் நல்லெண்ணமே உண்டாக்குகிறது. மேசைக்கு அடியில் தொங்கும் கேபிள் முனையைக் கண்ட பையன், அது கழன்றுவிட்டது என்று நினைத்து சுவிட்ச்சில் காலியாக இருந்த துளையில் செருகிவிடுகிறான். அதன் மறுமுனை ஏற்கனவே அதே சுவிட்ச்சில் இருக்கிறது. தகவல் வட்டமாகச் சுற்றத் தொடங்குகிறது, பெருகுகிறது, சில நொடிகளில் முழுக் கடையும் ஸ்தம்பிக்கிறது. சுவிட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னினால் இதைச் சந்தேகியுங்கள். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாருங்கள். எதைக் கழற்றியதும் மின்னல் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

மற்றொன்று பழைய ரவுட்டர். துளைகள் போதவில்லை என்று, வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டுவந்து சுவிட்ச் போலப் பாவிக்கிறார்கள். அதுவும் கணனிகளுக்கு முகவரி வழங்கத் தொடங்கும். ஒரு சந்தையில் இரண்டு பேர் வரி அறவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடும். சில கணனிகள் வேலை செய்யும், சில செய்யாது, நாளைக்கு அது மாறும். பழைய ரவுட்டரைப் பாவிப்பதானால் அதன் முகவரி வழங்கும் வசதியை, அதாவது டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியையும் மாற்றிவிட்டுப் பாவியுங்கள். அல்லது சிறிய சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். ரவுட்டரிலும் பார்க்க அது மலிவு.

மூன்றாவது, ஒரே முகவரி இருவருக்கு. பிரின்டருக்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் கொடுத்திருப்பார்கள். ரவுட்டர் அதே முகவரியைப் புதிதாக வந்த கைபேசிக்கும் கொடுத்துவிடும். அன்றைக்கு பில் அச்சாகாது. பிரின்டரின் முகவரி ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது ரவுட்டரிலேயே பிரின்டருக்கென ஒதுக்கப்பட வேண்டும். பொருத்துபவரிடம் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

செம்பா, பூச்சா?

இப்போது காசு சம்பந்தப்பட்ட விடயத்திற்கு வருகிறேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் ஒரு பகுதி முழுச் செம்பு அல்ல. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். வளைத்தால் சீக்கிரம் முறியும். ஈதர்நெட் கேபிளுக்கான சர்வதேசத் தரங்கள் முழுச் செம்பையே கேட்கின்றன. கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பாதுகாப்புக் கமராக்களுக்குப் பூச்சுக் கேபிளைப் போட்டால் நீண்ட தூரத்தில் மின்னழுத்தம் விழும், கம்பி சூடாகும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கமரா நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு கம்பியை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது பூச்சு. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் பாரம் குறைவாக இருக்கும். தங்கத்தை உரைத்துப் பார்த்து வாங்கும் எமது மக்கள், கடையின் நரம்பாக ஓடும் கம்பியை உரைக்காமல் வாங்குவது விநோதம். செம்பின் விலையை வாங்கிக்கொண்டு பூச்சுக் கேபிளைப் போடுபவரின் செயலுக்கு, நிறையைக் குறைத்து நிறுப்பதற்குச் சொல்லும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டும். மலிவான கேபிள்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் தெரிந்தே கேட்டால் அது வேறு விடயம். அப்போதும் பற்றுச்சீட்டில் எந்த வகை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீளத்திற்கும் எல்லை உண்டு. ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிவரை 100 மீற்றர். அதற்கு மேல் போக வேண்டுமானால் இடையில் சுவிட்ச் வேண்டும், அல்லது பைபர் வேண்டும். பிளக் அடிக்கும்போது நிற ஒழுங்கு இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பரவலாகப் பாவிக்கப்படும் ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு இவற்றில் நான்கு கம்பிகளை மட்டும் பாவிக்கும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ கபிலத்திலோ ஒன்று முறிந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100 க்கு இறங்கி வேலை செய்யும், சில இணைப்பே எடுக்கமாட்டா. வேகமான பொதிக்குக் காசு கட்டியும் 100 ஐத் தாண்டவில்லை என்று குறைப்படுபவர்கள் சேவை வழங்குநரைத் திட்டுவதற்கு முன் இந்த எட்டுக் கம்பிகளையும் பரிசோதியுங்கள். இரு முனையிலும் மாட்டிப் பார்க்கும் சிறிய டெஸ்டர் ஒன்று போதும்.

மின்னலும் மின்வெட்டும்

வடக்கிலுள்ள வாசகர்களுக்கு இது விசேடமாகச் சொல்லப்பட வேண்டியது. இலங்கையில் இடிமின்னல் கூடுதலாக இருப்பது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும். கடைக்கும் களஞ்சியத்திற்கும் இடையே வெட்டவெளியில் கட்டிய செம்புக் கேபிள் மின்னலின் அதிர்வை இரு பக்கக் கருவிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். நேரே விழ வேண்டியதில்லை, அருகில் விழுந்தாலே போதும். யாழ் குடாநாட்டில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். எர்த் கம்பியை ஆழமாக இறக்குவது பல இடங்களில் சிரமம். வரண்ட காலத்தில் மேல்மண் காய்ந்தால் எர்த் இன்னும் பலவீனமாகும். எனவே இரு கட்டடங்களுக்கு இடையே செம்புக்குப் பதிலாக பைபர் கேபிள் போடுவதே எனது ஆலோசனை. அது கண்ணாடி இழை, மின்னலின் மின்சாரம் அதனூடாகக் கடக்காது. உலோகக் கம்பி வைத்த பைபர் கேபிளும் இருப்பதால் உலோகமில்லாததைக் கேட்டு வாங்குங்கள். இரு முனையிலும் மாற்றுப்பெட்டி வேண்டும், ஆரம்பச் செலவு கூடத்தான். ஆனால் ஒரே இடியில் சுவிட்ச், கணனி, கமராப் பெட்டி மூன்றையும் இழந்தவருக்கு அந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. செலவழிக்க இயலாதவர் மழை இருட்டும்போது அந்தக் கேபிளை இரு பக்கமும் கழற்றி வைக்கும் பழக்கத்தையாவது ஏற்படுத்திக்கொள்ளட்டும். மின்னத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.

மின்வெட்டுக்கும் எமக்கும் நீண்ட உறவு உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று அமைச்சர் தெரிவித்தார். மின்சாரம் போவதைக் காட்டிலும் அது திடீரென்று திரும்பி வரும் கணமே கருவிகளுக்கு ஆபத்தானது. ரவுட்டரும் சிறிய சுவிட்ச்சும் மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால் அவற்றுக்கெனச் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும். பில் கணனிக்கு யூபிஎஸ் வைத்துவிட்டு சுவிட்ச்சை வெறுமனே சுவரில் செருகியிருக்கும் கடைகள் அநேகம். கணனி விழித்திருக்கும், கம்பி தூங்கிவிடும்.

வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்த பிறகு கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இணையம் எந்த வழியாகக் கடைக்குள் வந்தாலும், வந்த பிறகு கடைக்குள் பயணம் செய்ய வேண்டும். தடித்த சுவர், இரும்பு அலுமாரி, தகரக் கூரை உள்ள களஞ்சியத்தில் வைஃபை தடுமாறும். பக்கத்துக் கடைகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் சத்தமிடும். வாடிக்கையாளர் நடமாடும் கைபேசிகளுக்கு வைஃபை நல்லது. இடம்பெயராத பில் கணனி, பிரின்டர், கமரா ஆகியவற்றுக்குக் கம்பியே நம்பகமானது. அதைவிட முக்கியம், கம்பியின் கோளாறைப் பிடித்துக் காட்ட முடியும். நேற்று இருந்து இன்று இல்லாத வைஃபைக் கோளாறை நிரூபிப்பது கடினம்.

எனக்குத் தெரிய, வைஃபைக்கு மாறிய கடைகளில் பல, பழுதான கேபிளை எவரும் திருத்தாத காரணத்தால் மாறியவை. நோயைக் கண்டறியாமல் ஊரை மாற்றிய கதை அது. சில மாதங்களில் அங்கும் "இன்டர்நெட் போய்விட்டது" என்ற வசனம் தொடங்கிவிடுகிறது.

இரு பக்கமும் செய்ய வேண்டியவை

கடை உரிமையாளர்களிடம் நான் கேட்பது மூன்று. முதலாவது, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே இலக்கத்தை எழுதுங்கள். இரண்டாவது, நல்ல நிலையிலுள்ள சிறிய கேபிள் ஒன்றை லாச்சியில் தனியாக வையுங்கள். மாற்றிப் பார்ப்பதற்கு அதுவே உங்கள் படிக்கல். மூன்றாவது, கோளாறு வந்த திகதி, நேரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். உரும்பிராய்க் கடையில் "மத்தியானம்" என்ற அந்த ஒரு குறிப்பே தகரக் கூரையை எமக்குக் காட்டித் தந்தது. அவர் அதைக் கவனித்திருக்காவிட்டால் நாம் இன்னும் பல நாள் தேடியிருப்போம்.

எனது தொழிலைச் செய்யும் சகோதரர்களிடமும் சில வார்த்தைகள். போட்ட ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் பார்த்து, நீளம், வகை, திகதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். முகவரிகளையும் கடவுச்சொல்லையும் வாடிக்கையாளரிடம் ஒப்படையுங்கள். அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் தம்மை விட்டுப் போகமாட்டார் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படிக் கட்டிவைக்கப்பட்ட வாடிக்கையாளர் முதற் சந்தர்ப்பத்திலேயே ஓடிவிடுவார். விளங்கப்படுத்திக் கொடுத்த வாடிக்கையாளர் அடுத்த கடை திறக்கும்போதும் உங்களையே கூப்பிடுவார். இருபது வருடத்தில் நான் கண்ட வியாபார உண்மை இது.

கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சாதாரண தரம் முடித்துவிட்டு கவுண்டரில் நிற்கும் ஒரு பிள்ளைக்குப் பிளக் அடிக்கவும் டெஸ்டர் பார்க்கவும் முகவரி படிக்கவும் இரண்டு வார இறுதிகளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கடைக்கு ஒரு கோளாறின் செலவு மிஞ்சும். பிள்ளைக்கு ஒரு தொழிலின் முதற்படி கிடைக்கும். உரும்பிராய், கோப்பாய், திருநெல்வேலி என்று கடைகள் பெருகிவரும் இடங்களில் இந்த வேலை தெரிந்த ஒருவர் சும்மா இருக்க வேண்டிவராது.

அடுத்த தடவை கணனி நின்றதும் கைபேசியை எடுக்க வேண்டாம். குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள். அந்தச் சிறிய விளக்கு எரிகிறதா?